முதல் தையல் வரிசை

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னக் குச்சி பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவுக்கு முதுகுவலி தேவலையா? அவருடைய லாரி இன்னும் அதே இருமலைத்தான் இருமுகிறதா?

என்னடா இவள் கடிதமெல்லாம் எழுதுகிறாள் என்று பார்ப்பாய். வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி, பெயர் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இறுதிப் போட்டி முடியும்வரை கண்ணில் காட்ட மாட்டார்களாம். வீட்டுக்குக் கடிதம் மட்டும் எழுதலாம். கடைசியாக நான் எப்போது கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். லீவு லெட்டர்தான் ஞாபகம் வருகிறது.

இந்த அழகிப் போட்டிக்கு மாநிலத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருத்தி வந்திருக்கிறோம். பழைய ஹோட்டல் ஒன்றில் தங்கல். அதன் நீண்ட நடைவழிதான் எங்கள் மைதானம். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதில் போவதும் வருவதும்தான். எங்களுக்குப் பொறுப்பான மேடம் கழுத்தில் விசில் தொங்கும். யாராவது முதுகை வளைத்தால் ஊதிவிடுவார். முதல் நாள் எனக்காகத்தான் அதிகம் ஊதினார். இன்னொரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே எல்லோரும் என் உயரம். பிறந்ததிலிருந்து இப்போதுதான் கூட்டத்தில் என் தலை மட்டும் தனியாகத் தெரியாமல் நிற்கிறேன்.

இப்போது முக்கியமான சமாசாரம். ஏப்ரலில், இறுதிப் போட்டிக்கு முன்னால், வட்டார உடைப் போட்டி ஒன்று உண்டு. அவரவர் ஊரின் அடையாளத்தை உடையாக உடுத்திக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். அதில் எடுபடாதவள் கடைசிச் சுற்றைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியதுதான். மற்றவர்களுக்கெல்லாம் பேர் போன டிசைனர்கள் தைக்கிறார்கள். நான் ‘உப்பளம்’ என்று எழுதிக் கொடுத்து, தைப்பவர் என்ற இடத்தில் ‘என் அக்கா’ என்று எழுதிவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான். முடியும் என்று ஒரு வார்த்தை எழுது.

இதில் ஒன்றுமில்லாமல் திரும்பினால் மறுபடியும் பஸ் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் உயரம் தெரியாது என்றுதானே அந்த வேலையையே பிடித்தேன்.

உன் தங்கை,
சின்னக் குச்சி


ஜனவரி 19

என் ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், மாமா, லாரி மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த விசில் அம்மாள் சாப்பிடும்போதும் ஊதுவாளா?

கேட்காமல் எழுதிக் கொடுத்தாளாம், தப்பாம். கேட்டிருந்தால்தான் உதைத்திருப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு யூனிபார்ம் துணியையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுக் கடைக்குப் போய் வெள்ளைச் சாட்டின் வாங்கிவந்தேன். மார்பிலிருந்து இடுப்புவரை உடம்போடு ஒட்டினாற்போல் வரும். இடுப்புக்குக் கீழே உப்புக் குவியல் சரிந்து இறங்குகிற மாதிரி அகன்று விழும். ஓரத்தில் பாத்தி பாத்தியாகக் கட்டம் போட்டு, உள்ளே கண்ணாடிச் சில்லு. வெளிச்சம் பட்டால் உப்பளத்தில் வானம் தெரியுமே, அப்படித் தெரிய வேண்டும். கையில் பிடிக்க உப்பு வாரும் பலகை ஒன்றை மாமா செய்து தருகிறேன் என்றார். அவர் செய்தால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அளவு அனுப்பட்டுமா என்று அடுத்து கேட்பாய். பதினேழு வயதில் என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ‘எனக்குன்னே தச்ச மாதிரி இருக்குக்கா’ என்று நின்றாயே, அன்றிலிருந்து உனக்கு நான் டேப் வைத்ததில்லை. எனக்குச் சரியாக இருந்தால் உனக்கும் சரி. கடவுள் ஒரே அச்சில் இரண்டு குச்சி வார்த்தது இதற்காவது உதவட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். தெருவில் நம்மைக் கேலி செய்யாத வாய் உண்டா? ‘வளர்ந்து கெட்டவளுங்க’ என்பார்கள். ‘மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏணியோட வரணும்’ என்பார்கள். என் கல்யாண போட்டோவில் போட்டோக்காரன், ‘பொண்ணு கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, மாப்பிள்ளைக்கு நல்லா இருக்கும்’ என்றான். அன்று குனிந்தவள்தான். மாமா பக்கத்தில் நடந்தால் முதுகு தானாகவே வளைகிறது. அவர் ஒரு நாளும் குனி என்று சொன்னதில்லை, பாவம். எனக்குத்தான் நிமிர வரவில்லை. உன் உயரத்தை வேண்டும் என்று கேட்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அங்கே போயும் கூன் போட்டு நடந்தாயானால் வீட்டுக்கே வராதே.

வயிறு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பெரிய குச்சி


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் வயிறு இப்போது எப்படி? கஷாயம் வைத்துக் குடி. எனக்கு வைத்துக் கொடுத்துவிட்டு நீ குடிக்காமல் கொட்டுவாயே, அந்த வேலை வேண்டாம்.

உன் கடிதத்தை அறைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஊரில் பெரிய அணைக்கட்டு இருக்கிறதாம், அதனால் அணைக்கட்டு வேஷம் போடப் போகிறாள். முதுகில் சாம்பல் நிறத்தில் சுவர், அதில் மதகு. ஒரு கயிற்றை இழுத்தால் மதகு திறந்து நீலத் துணி கொட்டும். நேற்று ஒத்திகையில் மதகு பாதியில் சிக்கிக்கொண்டது. ‘எங்க ஊர்லயும் இப்படித்தான், தண்ணியே வராது’ என்றாள். அவளைப் பார்த்தால் பொறாமைப்படவும் தோன்றவில்லை, நல்ல பெண். நாங்கள் எல்லோரும் அவளை அணைக்கட்டு என்றுதான் கூப்பிடுகிறோம்.

தினமும் காலையில் எடை பார்க்கிறார்கள். கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கு இலை தழைதான் சாப்பாடு. அதற்குப் பயந்து நான் பாதி வயிறுதான் சாப்பிடுகிறேன், திட்டாதே. கூன் ஏறக்குறையப் போய்விட்டது. விசில் என் பக்கம் ஊதுவது குறைந்துவிட்டது.

உடை எவ்வளவு ஆயிற்று? சீக்கிரம் எழுது.

உன்,
சின்னக் குச்சி


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் யூனிபார்ம் கேட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நீ அரை வயிறு சாப்பிடுகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எடை பார்க்கும் மிஷினுக்கா உன்னைப் பெற்றார்கள்?

உன் உடை உருவம் பிடித்துவிட்டது. போன வாரம் போட்டுப் பார்த்தேன். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, வாசலறையிலிருந்து சமையலறைவரை நடந்து காட்டினேன். ‘எப்படி இருக்கு?’ என்றேன். ‘துணி நல்லா இருக்கு’ என்றார். கட்டிய மனைவியைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் இடுப்பில் தொளதொளவென்று நின்றது. வெட்டும்போது கை தாராளமாகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே பிடித்துத் தைத்தேன். இன்று போட்டுப் பார்த்தால் மறுபடியும் தொளதொள. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், நான் கத்திரிக்கோலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தரம் பிடித்துத் தைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் தைத்த கைக்கு இப்படித் தப்பு வருகிறதே என்று வெட்கமாக இருக்கிறது.

வயிறுதான் மக்கர் பண்ணுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயிலேயே நிறைந்துவிடுகிறது. ‘டாக்டர்கிட்ட போலாம் வா’ என்று மாமா நச்சரிக்கிறார். அவருக்காகப் போய் வரப் போகிறேன். ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் கேட்டால்தான் அவர் அடங்குவார்.

நிமிர்ந்து நட.

உன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? டாக்டர் என்ன சொன்னார்? போன கடிதத்துக்கு அப்புறம் நான் எழுதிய இரண்டுக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இங்கே எல்லோருடைய உடையும் வந்து நடைவழி முழுக்க வரிசையாகத் தொங்குகிறது. என் பெயர் போட்ட கொக்கி மட்டும் காலியாக இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். அக்கா, பயமாக இருக்கிறது. யூனிபார்மை அப்புறம் தைக்கக்கூடாதா?

சின்னக் குச்சி


மார்ச் 12

என் கண்ணுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கொக்கி இனிமேல் காலியாக இருக்காது. மாமாவின் சிநேகிதர் அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போகிறார். அவர் கையில் உடையைக் கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்துவிடும். பலகையும் கூட வருகிறது. மாமா செய்ததுதான், நான் பாதியாக இழைக்கச் சொன்னேன்.

பென்சிலில் எழுதுகிறேனே என்று பார்க்காதே, பேனா தகராறு பண்ணுகிறது. மறுபடியும் ஒருமுறை இடுப்பைப் பிடித்தேன். இந்தத் தடவை ஒரு விரல் தளர்வாகவே விட்டிருக்கிறேன். உள்பக்கத்துத் துணியை வெட்டவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். தைக்கிறவள் உள்துணியை வெட்டக்கூடாது, உடம்பு ஒரே மாதிரி இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். எல்லாம் சரியாகிவிடும் என்றார். போட்டியை டிவியில் காட்டுவார்களா? எந்தத் தேதி என்று சரியாக எழுது. மாமா காலண்டரில் வட்டம் போட்டு வைக்கட்டும்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நான் நலமில்லை. உடை வந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பெட்டியைத் திறந்ததும் அணைக்கட்டு கையைத் தட்டினாள், அவ்வளவு அழகாக இருந்தது. போட்டுக்கொண்டேன். ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் ஏறவில்லை. விசில் மேடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘யார் யார் எனக்குத் தெரியாம எங்க என்ன சாப்பிடுறீங்கன்னு எனக்குத் தெரியும்’ என்றார். எல்லோருக்கும் முன்னால்.

அன்றிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நேற்று நடைவழியில் தலை சுற்றி விழுந்தேன். இன்றும் போட்டுப் பார்த்தேன், ஜிப் ஏறவில்லை. அணைக்கட்டு பிஸ்கட் கொடுத்தபோது ஒன்றிரண்டு சாப்பிட்டிருப்பேன். அதற்காக இவ்வளவா பெருப்பேன்?

தளர்வாக விட்டேன் என்று எப்படி எழுதினாய்? பிடித்துத் தைத்தேன், பிடித்துத் தைத்தேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாயே, அப்போதே ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்க்கக் கூடாதா? இங்கே என் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேனே. நீ கேட்க மாட்டாய். உனக்கு அதைப் போட்டுக்கொண்டு நடக்க ஆசை. வாசலறையிலிருந்து சமையலறைவரை நடந்தாயே, அந்த ஆசையில் உன் அளவுக்கே தைத்துக்கொண்டாய். மேடையில் நிற்கப் போவது நான் என்பதை மறந்துவிட்டாய்.

ஏப்ரல் 9 அன்று போட்டி. வட்டம் போட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்.

தங்கை


மார்ச் 26

என் சின்னக் குச்சிக்கு,

முதலில் சாப்பிடு. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. மேடை கிடக்கிறது. பட்டினி கிடந்து விழுவதற்கா உன்னை வளர்த்தேன்?

நீ பெருக்கவில்லை. தப்பு என் கையில்தான். அங்கே தையல்காரர் யாராவது இருப்பார் இல்லையா, அவரிடம் கொடுத்து இடுப்புத் தையலைப் பிரித்து விடச் சொல். உள்ளே துணி தாராளமாக இருக்கிறது. உனக்கு வேண்டிய அளவு வரும்.

ஆசையில் தைத்துக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம்டி, ஆசைப்பட்டேன். அதைப் போட்டுக்கொண்டபோது குனிய முடியவில்லை. துணி விடவில்லை. வாசலறையிலிருந்து சமையலறைவரைதான் நடந்தேன் என்றாலும் நிமிர்ந்து நடந்தேன். மாமா துணியைத்தான் பார்த்தார், அதனால் பரவாயில்லை.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. மாமா காலண்டரில் 9க்கு வட்டம் போட்டாகிவிட்டது.

அக்கா


மார்ச் 30

மாமாவுக்கு,

வணக்கம். இது உங்களுக்கு மட்டும் எழுதுவது, அக்கா கண்ணில் படவேண்டாம். போன் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் தரவில்லை.

அக்கா சொன்னபடி இங்கே உடைகளைப் பார்த்துக்கொள்ளும் தையல் மாஸ்டரிடம் கொடுத்தேன். இடுப்புத் தையலைப் பிரித்தார். பிரித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சாட்டினில் ஊசி போன துளை மறையாது. வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாகத் துளைகள். ‘முதல்ல இங்க தச்சிருக்காங்கம்மா. அப்புறம் பிரிச்சு இங்க. மறுபடி பிரிச்சு இங்க. கடைசியா இங்க. உள்ள போயிட்டே இருக்கு பாரு’ என்றார். என்னை அளந்து, வந்தபோது எழுதி வைத்த அளவோடு வைத்துப் பார்த்தார். எனக்கு ஒரு நூல்கூட ஏறவில்லையாம். ‘இதை யார் மேல போட்டுப் பார்த்துத் தச்சாங்க?’ என்று கேட்டார்.

‘அக்கா அவ மேலயே போட்டுப் பார்ப்பா. நாங்க ரெண்டு பேரும் ஒரே அளவு’ என்றேன்.

அவர் அந்தக் கடைசி வரிசையைத் தடவிப் பார்த்தார். பிறகு, ‘நீ போய் அக்காவைப் பாரும்மா’ என்றார்.

மாமா, என் அக்காவுக்கு என்ன? அந்த இடுப்பு ஒரு சின்னப் பெண்ணின் இடுப்பு. மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

சின்னக் குச்சி


ஏப்ரல் 3

சின்னக் குச்சிக்கு,

மாமா எழுதுவது. எனக்கு எழுத வராது, தெரியும். லோடு எங்கே, எப்போது என்பதற்கு மேல் நான் எழுதியதில்லை.

வயிற்றில் கட்டி. பிப்ரவரி கடைசியில் தெரிந்தது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். பரவிவிட்டதாம். அதைக் கேட்டு உன் அக்கா டாக்டரிடம், ‘நானும் அப்படித்தான் சார், துணி கெட்டுப் போச்சுன்னா கை வைக்க மாட்டேன்’ என்றாள். டாக்டர் எழுந்து போய்விட்டார். இப்போது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். படுத்துக்கொண்டே எழுதுகிறாள். மல்லாந்து பிடித்தால் பேனாவில் மை வரவில்லை, அதனால்தான் பென்சில்.

உனக்குச் சொன்னால் செத்தே போய்விடுவேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். உன் கடிதத்தை அவளுக்குப் படித்தும் காட்டிவிட்டேன். என்னால் ஒளித்து வைக்க முடியவில்லை. அவள் ஏதோ எழுத வேண்டும் என்கிறாள், இதே தாளில் இடம் விடுகிறேன்.

குச்சி, அழாதே. முதல் இரண்டு தரமும் கத்திரிக்கோல் மேல்தான் பழி போட்டேன், சத்தியமாக எனக்குத் தெரியாது. மூன்றாம் தரம் தெரிந்துவிட்டது. இளைத்தது கொஞ்சம்தான் இருக்கும், மீதி வெட்டிய தப்பு என்று ஒரு கணக்குப் போட்டு ஒரு விரல் கூட்டி விட்டேன். அது போதாது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இப்போது ஓடி வந்து என்னத்தைப் பார்க்கப் போகிறாய்? 9ஆம் தேதி நடந்துவிட்டு வா. நான் எங்கேயும் போய்விட மாட்டேன். அதை ஒருத்தி போட்டு நிமிர்ந்து நடந்தாள் என்று நான் கேட்க வேண்டும்.


ஏப்ரல் 9

என் அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நானே கொண்டுவருகிறேன், நாளை முதல் பஸ். உன் எதிரில் நின்றால் அழுகைதான் வரும், ஒன்றும் சொல்ல வராது. அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன், மாமா படிக்கட்டும்.

மாமாவின் கடிதத்தை விசில் மேடத்திடம் நீட்டினேன். படித்தார். பீரோவைத் திறந்து என் போனை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். நீ போனில் பேசியது ஒரே வார்த்தைதான். ‘நட’ என்றாய். அது உன் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. எனக்கு அப்போதே கிளம்ப வேண்டும் போலிருந்தது, அக்கா. இந்த மூன்று நாளும் உன் பேச்சுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாஸ்டர் இடுப்பை முதல் தையல் வரிசைவரை பிரித்து விட்டார். அதே துளைகளில் ஊசியை விட்டுத் தைத்தார். ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜனவரியில் உனக்கு ஒன்றுமில்லாமல் இருந்தபோது நீ இருந்த அளவு அது. எனக்கு அப்படியே இருந்தது. நீ பிடித்துத் தைத்த மற்ற மூன்று வரிசைத் துளைகளும் இப்போது வெளியே தெரிந்தன. கண்ணாடி மணி வைத்து மறைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

மேடை ரொம்ப நீளம். எனக்கு முன்னால் அணைக்கட்டு போனாள், மதகு சரியாகத் திறந்து நீலத் துணி கொட்டியது. கைத்தட்டல் அடங்கும் முன்பே என் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார்கள். குனியலாம் என்று முதுகு நினைத்தது, துணி விடவில்லை. நீ சொன்னாயே, அது நிஜம். விளக்கு பட்டதும் ஓரத்துக் கண்ணாடியெல்லாம் எரிந்தது. கீழே யாரோ ‘உப்பு, உப்பு’ என்றது காதில் விழுந்தது. நடுவர்களில் ஓர் அம்மாள், ‘இடுப்புல புள்ளி புள்ளியா இருக்கே, அது என்ன அடையாளம்?’ என்று கேட்டார். உப்பளத்தைப் பற்றிச் சொல்ல எழுதி வைத்து மனப்பாடம் பண்ணியிருந்ததெல்லாம் மறந்துவிட்டது. ‘அது என் அக்கா’ என்றேன். அவருக்குப் புரியவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பரிசு அணைக்கட்டுக்கு. எனக்கு வருத்தமே இல்லை. கடைசிச் சுற்றுக்கு என் பெயரும் இருந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விசில் மேடம் பஸ் நிலையம்வரை வருகிறேன் என்றிருக்கிறார்.

உன் அளவுக்குத் தைத்துக்கொண்டாய் என்று எழுதினேனே. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, அக்கா. வந்து உன் காலடியில் வைக்கிறேன்.

உன்,
சின்னக் குச்சி


ஜூன் 22

சின்னக் குச்சிக்கு,

மாமா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? டிக்கெட் கவுண்டர் வேலை எப்படிப் போகிறது? ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் சொல், அந்தப் பக்கம் லோடு வரும்போது ஏதாவது கொண்டுவருகிறேன். நான் இருக்கிறேன். லாரி ஓடுகிறது.

போனில் சொல்ல ஆரம்பித்தால் என்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். ஏப்ரலில் படம் பிடித்து வைத்த உங்கள் போட்டியை நேற்றுதான் டிவியில் காட்டினார்கள். நீ பார்க்க மாட்டேன் என்றாய். நானும் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த கடையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நீ வந்து சேர்ந்த அன்று அந்த உடையை அவள் மடியில் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணைத் திறக்காமலே விரலால் அந்தத் துளைகளைத் தடவித் தடவி முதல் வரிசைக்குப் போய் அங்கேயே கையை வைத்துக்கொண்டாள். உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பரிசு யாருக்கு என்று அவள் கேட்கவே இல்லை. ‘குனியலையே?’ என்று மட்டும்தான் கேட்டாள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். உன்னை வைத்துக்கொண்டு இதையெல்லாம் என்னால் பேச முடியவில்லை.

அன்று வீட்டில் அவள் எனக்கு நடந்து காட்டியபோது ‘துணி நல்லா இருக்கு’ என்று சொன்னேன். அவள் அதை உனக்கு எழுதியிருக்கிறாள் என்று நீ சொல்லித்தான் தெரியும். நான் துணியைப் பார்க்கவில்லை. அவள் முதுகெலும்பு துணிக்கு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

நேற்று அணைக்கட்டுப் பெண் போனதும் திரையில் வெள்ளையாக ஒன்று வந்தது. முகத்தைக் கிட்டத்தில் காட்டவில்லை, தூரத்தில்தான் காட்டினார்கள். அதே உயரம், அதே தோள், அதே நடை. கையில் நான் இழைத்த பலகை. நீ என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாப்பாட்டை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எச்சில் கையோடு நின்றேன். கடைக்காரர், ‘தெரிஞ்சவங்களா?’ என்று கேட்டார்.

‘என் வீட்டுக்காரி’ என்றேன்.

இத்தனை வருஷம் என் பக்கத்தில் நடந்திருக்கிறாள். நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. நேற்றுதான் பார்த்தேன். எவ்வளவு உயரம்.

வேளைக்குச் சாப்பிடு.

மாமா